நனையாத காகிதங்கள்

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அவரை உறைக்காரர் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து பிளாஸ்டிக் உறைகளை மடித்து வைத்திருப்பார். கைபேசி ஓர் உறையில், வேலைப் பட்டியல் ஓர் உறையில், மதியச் சாப்பாட்டுக்கான உப்பு ஓர் உறையில். வண்டி ஓட்டும் மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, எல்லோர் முன்னாலும் சொல்வான்: "மழை வந்தா அத்தான் குடையைத் தேட மாட்டாரு. வானத்துக்கு ஏத்த சைஸ்ல உறை இருக்கான்னு பாப்பாரு."

தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். மருத்துவமனை, விடுதி, அலுவலக வளாகம் என்று பிறர் இடங்களில் புல்லும் செடியும் வளர்த்துக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். அவருக்குக் கீழே முப்பத்தொரு பேர். எல்லோரும் கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள். அவரும் அப்படி வந்தவர்தான். வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

வந்த அன்று, விமான நிலைய வாசலிலேயே, அவருடைய முதல் முதலாளி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பை முதலாளி வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்ததாம். நாலு ஆண்டுகள் கழித்து இவர் கைக்கு வந்தபோது பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. படத்தில் கழுத்து மட்டும் இருந்தது, முகம் இல்லை. புதியது வாங்க ஐந்து மாதம் அலைந்தார். அதற்குள் ஊரில் அப்பா போய்விட்டார்.

இந்தக் கதையை அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் முடிப்பார்: "அந்த மனுஷனுக்கு ஒரு பொருளை ஒழுங்கா வெக்கத் தெரியல."

அவர் மேற்பார்வையாளரான முதல் ஆண்டில் ஒரு விடுதி முற்றத்தில் குளம் கட்டினார்கள். கரையில் கல் பதித்துக்கொண்டிருந்தவன் வழுக்கி இடுப்பளவு நீரில் விழுந்தான். அடி எதுவும் இல்லை. எழுந்து நின்றவன் கால்சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து உதறினான். எல்லோரும் சிரித்தார்கள். உறைக்காரர் சிரிக்கவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய்த் தடித்த உறைகள் வாங்கினார். மறுநாள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, வாயை ஒட்டி, எண் எழுதி, அலுவலக அறையில் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் அடுக்கினார். சாவியைத் தன் இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டார்.

பதினாறு ஆண்டுகளில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் முதல் நாள் பாஸ்போர்ட்டைக் கொடுத்து பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஆட்களே புதியவர்களை வரிசையில் நிறுத்தி, "புஸ்தகத்தைக் குடு, பூட்ஸை வாங்கு" என்பார்கள். ஒரு பாஸ்போர்ட்கூட நனையவில்லை. ஒரு மூலைகூட மடங்கவில்லை. மேலாளர் ஒருமுறை வெளியாட்கள் இருவரை அழைத்து வந்து அந்தப் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னார். உறைக்காரருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

நாற்றுக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்ணை எல்லோரும் பதியன் அக்கா என்றார்கள். குச்சி வெட்டி நடுவதிலும் பதியன் போடுவதிலும் அவருக்கு இணை இல்லை. மற்றவர்கள் நூறு குச்சி நட்டால் அறுபது வேர்விடும். அக்கா நட்டால் தொண்ணூறுக்குக் குறையாது. ஐம்பது வயதை நெருங்கியவர். பேச்சு குறைவு. கொட்டகையில் உள்ள செடிகளிடம் மட்டும் திட்டுவதுபோல ஏதோ முணுமுணுப்பார்.

கிளைகளை வெட்டிவிடும் கவாத்துப் பருவம் தொடங்கிய வாரம், காலைத் தேநீர் வேளையில், அவர் உறைக்காரரிடம் வந்தார்.

"ஐயா, என் பாஸ்போர்ட் வேணுங்க."

"எதுக்கு அக்கா?"

"ஊருக்குப் போகணும். பொண்ணுக்கு எட்டாம் மாசம். அவளுக்கு வேற ஆள் இல்ல."

"இப்பவா? நீங்க போயிட்டா இந்தக் குச்சியெல்லாம் என் மூஞ்சியைப் பாத்தா வேர் விடும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்ததால் விஷயம் முடிந்தது என்று உறைக்காரர் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை கேட்டபோது, "கவாத்து முடியட்டும் அக்கா, நானே எடுத்துத் தர்றேன்" என்றார். மூன்றாம் முறை அவர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். "சாவி வீட்ல இருக்கே" என்றார். சாவி வீட்டில் இல்லை. அவசரம். விடுதியில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள் தள்ளிப் போனால் என்ன என்று நினைத்தார். அதன்பின் அக்கா கேட்கவில்லை. உறைக்காரரும் அதை மறந்துபோனார். உண்மையிலேயே மறந்துபோனார்.

நாலு மாதம் கழித்து அந்தப் படிவம் வந்தது.

அவர்கள் தோட்டம் பார்த்துக்கொள்ளும் பெரிய மருத்துவமனை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்முன் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. உங்கள் நிறுவனத்திலும், உங்களுக்குச் செடி, மண், புல், தொட்டி தருபவர்களிடமும் யாராவது கட்டாயத்தின் பேரில் வேலை செய்கிறார்களா? நாற்பத்திரண்டு கேள்விகள். மேலாளர் அதை உறைக்காரரிடம் கொடுத்தார்.

"நீங்கதான் எல்லாத்தையும் பத்திரமாப் பாத்துக்கிற ஆளு. இதையும் பாத்துடுங்க. நம்மளப் பத்தி ஒண்ணும் இல்ல. வெளியில யாராவது தில்லுமுல்லு பண்றாங்களான்னு மட்டும் பாருங்க."

உறைக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பகுதி தங்கள் நிறுவனம் பற்றியது. மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் நிரப்பினார். பதினேழாம் கேள்வி: தொழிலாளர்களின் அடையாள ஆவணங்கள் அவர்கள் வசமே உள்ளனவா? 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாஸ்போர்ட் அவர்களுடையதுதானே. அவர் நாற்காலி பீரோவில் சாய்ந்திருந்தது.

மறுநாள் மைத்துனனோடு வண்டியில் கிளம்பினார். தொட்டி செய்பவரிடம் ஒன்றுமில்லை. எரு விற்பவரிடம் ஒன்றுமில்லை. மூன்றாவதாகப் புல் பண்ணை. அங்கே புல்லை மண்ணோடு சேர்த்துப் பாய்போலச் சீவிச் சுருட்டி விற்கிறார்கள். சீவிய இடம் தோலுரித்ததுபோலக் கறுப்பாக, பளபளவென்று கிடந்தது. ஒன்பது பேர் குனிந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தகரக் கொட்டகை ஒன்றில் ஒன்பது கட்டில்கள், ஒரு மின்விசிறி, கயிற்றில் ஈரத் துணிகள்.

உறைக்காரர் படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அவர்களில் ஒருவரிடம் கேட்டார்.

"சாப்பாடு சரியா வருதா?"

"வருதுங்க."

"லீவு?"

"ஞாயித்துக்கெழமை அரை நாளுங்க."

"பாஸ்போர்ட் உங்ககிட்ட இருக்கா?"

"அம்மாகிட்ட இருக்குங்க."

"எந்த அம்மாகிட்ட?"

அந்த ஆள் பண்ணை வீட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். "கேட்டா குடுப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டார். "நாங்க கேட்டதில்ல."

உறைக்காரருக்குச் சுரீரென்றது. மைத்துனனைப் பார்த்து, "பாத்தியா, இதுதான். இதைத்தான் படிவத்துல கேக்கறாங்க" என்றார். நேரே பண்ணை வீட்டுக்கு நடந்தார்.

பண்ணைக்காரம்மா திண்டில் உட்கார்ந்து ரப்பர் குழாய் ஒன்றின் ஓட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"வாங்க, வாங்க. என்ன, வர்றப்பவே போலீஸ்காரர் மாதிரி வர்றீங்க?"

"ஆளுங்க பாஸ்போர்ட்டெல்லாம் உங்ககிட்டதான் இருக்கா?"

"ஆமா. வேற எங்க இருக்கும்? அவனுங்ககிட்ட இருந்தா துணியோட சேத்துத் தொவைச்சிடுவானுங்க."

"எடுத்துட்டு வாங்க."

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே ஒன்பது பாஸ்போர்ட்டுகள், ரப்பர் வளையம் போட்டு. உறைக்காரர் ஒன்றை எடுத்தார். அட்டை நொதநொதவென்றிருந்தது. ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சை.

"என்னம்மா இது? இப்படியா வெக்கிறது?"

"ஏன், டப்பால தானே இருக்கு?"

"டப்பான்னா? ஒவ்வொண்ணையும் தனித்தனி உறைல போடணும். ஈரம் உறிஞ்சற பொட்டலம் ஒண்ணு உள்ள வெக்கணும். நம்பர் எழுதணும். இரும்பு பீரோல வெச்சுப் பூட்டணும். நாங்க பதினாறு வருஷமா வெச்சிருக்கோம். முப்பத்தொரு பேரோடது. ஒண்ணு நனைஞ்சதில்ல. வந்து பாருங்க வேணும்னா."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

பண்ணைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இல்லை. வேடிக்கை பார்ப்பதுபோலத்தான்.

"அப்ப நான் உறை வாங்கிட்டா சரியாயிடுங்களா?" என்றார். "எழுதிக்கங்க. நாளைக்கே வாங்கிடறேன். சாவிய யாரு வெச்சுக்கணும்னும் சொல்லிட்டுப் போங்க."

உறைக்காரர் கையில் இருந்த பாஸ்போர்ட்டை டப்பாவில் வைத்தார். பிறகு, அதை அங்கே வைப்பதும் தப்பு என்று பட்டதுபோல, மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். மைத்துனன் சற்றுத் தள்ளி நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கும் கேலி பேசுகிறவன் அன்று ஒன்றும் பேசாமல் நின்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அந்த ஒன்பது பேர்கிட்டயும் குடுத்திடுங்கம்மா" என்றார் கடைசியில்.

"நீங்க குடுத்துட்டு வந்து சொல்லுங்க. அன்னிக்கே குடுத்திடறேன்."

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மைத்துனன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அத்தான், பதியன் அக்கா கேட்டாங்களே, சாவி வீட்ல இருக்குன்னீங்க."

"ம்."

"அன்னிக்கு உங்க இடுப்புலதான் தொங்கிச்சு. வண்டி ஏறுறப்ப சீட்ல இடிச்சு சத்தம் வந்துச்சு. அக்காவுக்கும் கேட்டுச்சு."

உறைக்காரர் அவனைப் பார்த்தார்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா? நீங்க சரின்னு எறங்கியிருப்பீங்களா? அக்கா பொண்ணு ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயி, தனியாப் பெத்துக்கிட்டு, தனியாத் திரும்பி வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு குடுத்தாங்களாம். இப்ப அக்கா போன் பண்ணா எடுக்கறதில்லையாம். 'பாஸ்போர்ட் கெடைக்கல'ன்னு அக்கா சொன்னதுக்கு, 'ஒம்பேரு போட்ட பொஸ்தகம் ஒனக்குக் கெடைக்கலையா'ன்னு கேட்டுட்டு வெச்சிடுச்சாம். அதுதான் கடைசிப் பேச்சு."

அவன் துணியை உதறிவிட்டு வண்டியில் ஏறினான். உறைக்காரர் ஏறச் சற்று நேரமாயிற்று.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல இடையிடையே, "நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார். ஐந்தாறு முறை சொல்லியிருப்பார். அவள் குறுக்கிடவில்லை. கடைசித் துணியை மடித்து வைத்தபின் கேட்டாள்:

"என்னங்க, உங்க பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"நம்ம அலமாரில."

"ஆபீஸ் பீரோல இல்லையா?"

"இல்ல."

"ஏன் அங்க வெக்கல? அங்கதான் நனையாதே."

அவள் துணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். சற்றுக் கழித்து அங்கிருந்தே, குரலை உயர்த்தாமல், "காலைல சீக்கிரம் போங்க" என்றாள்.

காலை ஆறரைக்குக் கொட்டகை முன்னால் ஆட்கள் கூடுவார்கள். அங்கேதான் அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். உறைக்காரர் பீரோவைத் திறந்து, முப்பத்தொரு உறைகளையும் நாற்றுக்கூடை ஒன்றில் வைத்துத் தூக்கிவந்தார். மேசைமேல் வைத்து எண் சொல்லிக் கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை.

"ஒண்ணு" என்றார் மறுபடி.

ஒன்றாம் எண் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற பெரியவர். பதினாறு ஆண்டுகளாக இருக்கிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எம்மேல என்ன தப்புங்க ஐயா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களோடது. வாங்கிக்கங்க."

"வடக்குப் பக்கம் நேத்து வெட்டாம விட்டது மிஷின் கோளாறுங்க. நான் சொன்னேனே."

"அதுக்கில்ல பெரியவரே. இது உங்ககிட்டதான் இருக்கணும்."

"ஆள் கொறைக்கிறாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறொருவர், "ஆஸ்பத்திரி வேலை போயிடுச்சாம்" என்றார். எங்கே கேட்டாரோ. கூட்டத்தில் சலசலப்பு. செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்க்காரர், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர், முன்னால் வந்தார்.

"ஐயா, வேணும்னா பூட்ஸைக் கழட்டித் தந்திடறேன். புஸ்தகத்தை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைக்காரருக்குப் புரிந்தது. குழாய்க்காரர் உண்மையிலேயே குனிந்து பூட்ஸின் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"கழட்டாதீங்க!" என்று கத்தினார் உறைக்காரர். கத்தியதும் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் திணிக்க வேண்டியிருந்தது. வேலை போகாது, யாரையும் அனுப்பவில்லை, பூட்ஸும் உங்களுக்குத்தான் என்று முப்பது தடவை சொன்னார். இதை வாங்கியது என் தப்பு என்று ஒரு தடவை சொன்னார். அதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அறையில் பூட்டில்லை, எங்கே வைப்பது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டி வாங்கித் தருகிறேன், சாவி உங்களிடமே இருக்கும் என்றார். நம்பாமல்தான் தலையாட்டினார்கள்.

பதியன் அக்காவின் எண் பதினான்கு. கூப்பிட்டபோது கொட்டகைக்குள் இருந்தார். எல்லோரும் கலைந்தபின், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். உறையை வாங்கி, ஒட்டிய வாயைப் பல்லால் கிழித்தார். உள்ளே புத்தம் புதிதுபோல இருந்தது. பக்கம் புரட்டி, படம் இருந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவரிடம் நீட்டினார்.

"இந்தத் தேதி என்னன்னு பாருங்க ஐயா. என் கண்ணுக்குச் சரியாத் தெரியல."

அவர் பார்த்தார். செல்லுபடிக் காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு உறையோடு எடுத்துக் கொடுத்து, திரும்பியதும் மறுபடி ஒட்டி வைப்பாரே தவிர, அத்தனை ஆண்டுகளில் எந்த உறையையும் அவராகத் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் ஈரம் உள்ளே புகுந்துவிடும் என்று திறக்கவே இல்லை. எழுத்து அழியாமல் பார்த்துக்கொண்டவர் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சு போச்சு அக்கா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "குழந்தைக்குப் பேரு வெச்சிருப்பா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "போன்லதான் எடுக்க மாட்டா. வாசல்ல போய் நின்னா கதவைத் தெறக்காம இருக்க மாட்டா. நான் பெத்தவதானே." அவ்வளவுதான். திட்டவில்லை. கொட்டகைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

மேலாளரிடம் போய்ப் பதினேழாம் கேள்வியின் பதிலை 'இல்லை' என்று மாற்ற வேண்டும் என்றார். மேலாளர் காரணத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் காலைல குடுத்தாச்சுல்ல?"

"குடுத்தாச்சு சார்."

"அப்ப 'ஆம்'தானே உண்மை? இப்ப அவங்ககிட்டதானே இருக்கு?"

"பதினாறு வருஷம் இருந்துச்சே சார், நம்மகிட்ட."

"அதை இந்தக் கேள்வி கேக்கலையே."

உறைக்காரர் தனித் தாளில் நடந்ததை எழுதினார். பீரோ, எண்கள், பூட்ஸ், சாவி பற்றிச் சொன்ன பொய், எல்லாம். புல் பண்ணையின் பிஸ்கட் டப்பாவையும் அதே தாளில் எழுதினார். ஒன்றை எழுதி மற்றதை விட முடியவில்லை. படிவத்தோடு இணைத்துக் கொடுத்தார். மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தாள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அக்காவுக்குப் புதுப் பாஸ்போர்ட் வாங்க, அவர்கள் நாட்டுத் தூதரகத்துக்கு அவரே கூட்டிப்போனார். பாதி நாள் வரிசை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மாதிரி விண்ணப்பங்கள், எங்கோ அழும் குழந்தை. அக்கா மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை அவர் நிரப்பினார். காலாவதியாகும் முன் புதுப்பிக்காததற்குக் காரணம் என்று ஓர் இடம் இருந்தது. நாலு வரிக் கோடு. அவர் நாலு வரியும் எழுதினார்: பாஸ்போர்ட் இவர் கையில் இல்லை, இவருடைய மேற்பார்வையாளராகிய நான் பூட்டி வைத்திருந்தேன், இவர் மூன்று முறை கேட்டும் தரவில்லை.

எழுதி முடித்தபோது, ஒரு வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

சன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தாங்க."

"இதை இப்படியே வாங்கினா நான் விசாரணைக்கு அனுப்பியாகணும். உங்களைக் கூப்பிடுவாங்க, உங்க கம்பெனியைக் கூப்பிடுவாங்க. மூணு மாசம். கொஞ்சம் கூடவும் ஆகும். அதுவரைக்கும் புதுசு வராது."

"இல்லன்னா?"

"எல்லாரும் எழுதறதை எழுதினா பத்து நாள்."

"எல்லாரும் என்ன எழுதறாங்க?"

"சொந்தக் கவனக்குறைவுன்னு."

"எழுதியிருக்கறது உண்மைங்க."

"நான் இல்லன்னு சொன்னேனா?" அலுவலர் விண்ணப்பத்தைச் சன்னலுக்கு வெளியே தள்ளினார். புதிதாக ஒன்றையும் அதன்மேல் வைத்தார். "பேசிட்டு வாங்க. அடுத்தவங்க வாங்க."

இருவரும் ஓரமாக நின்றார்கள். உறைக்காரர் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் வர்றேன். எங்க கேட்டாலும் சொல்றேன். வேலை போனாலும் பரவாயில்ல."

"நீங்க வருவீங்க ஐயா. நான் எப்பப் போறது?"

அவர் தலை குனிந்தார்.

"மூணு மாசத்துல குழந்தை ஆளைப் பாத்து அழ ஆரம்பிச்சிடும்" என்றார் அக்கா. "அந்த இன்னொரு தாளை எடுங்க. அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க."

சுவரை ஒட்டிய பலகையில் வைத்து எழுதினார். பெயர், பிறந்த தேதி, ஊர். காரணம் கேட்ட இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அக்கா பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வரி எழுதினார். மீதி மூன்று கோடுகள் வெறுமையாக இருந்தன.

"என்ன எழுதியிருக்கீங்க?"

அவர் விண்ணப்பத்தை நீட்டினார்.

"கண்ணு சரியில்லன்னு சொன்னேனே. படிங்க."

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கல ஐயா. இங்க ஒரே சத்தம்."

வரிசையில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். உறைக்காரர் விண்ணப்பத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தார்: "என்னுடைய சொந்தக் கவனக்குறைவால் உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறிவிட்டேன்."

அக்கா கையை நீட்டிப் பேனாவை வாங்கி, அதன்கீழே தன் பெயரை எழுதினார்.